காலியான மூலை

வடிவமைப்பாளர்கள் கூடும் அறையில் வெள்ளைப் பலகையைப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு; ஒன்று விலை, மற்றது தரம். சந்தையிலுள்ள பொருட்களை மக்கள் மனத்தில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று புள்ளி குத்தியிருப்பார்கள். பெர்செப்சுவல் மேப் என்பது இதுதான். புள்ளி விழாத மூலை தெரிந்தால் எல்லோருக்கும் உற்சாகம்; எனக்கு அங்கேதான் சந்தேகம். 2008-இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமான டாடா நானோவை எடுத்துக்கொள்வோம். நீளம் மாருதி 800-ஐவிடக் குறைவு, உள்ளே இடமோ அதிகம், விலை ஒரு லட்சம் என்ற பேச்சு. விலையையும் இடவசதியையும் வைத்துக் கோடு கிழித்தால் அந்த மூலையில் நானோவுக்குப் போட்டியே கிடையாது. ஆனால் நம் ஊரில் கார் வாங்குவது பயணத்துக்கு மட்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டாமா? அதற்கு ‘கௌரவம்’ என்றொரு கோடு வேண்டும். அதைப் போட்டால் நானோ அடித்தட்டில்தான் நிற்கும். மலிவான கார் என்று தன் நிறுவனமே அதை விற்றது துரதிர்ஷ்டம் என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். இந்த வரைபடங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோடுகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை மட்டும், ஷோரூமில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவரிடம் கொடுத்துவிடலாம்.