கறுத்தது கூஜாவா, காத்தா?

வெள்ளி கறுத்தால் வீட்டுப் பெண்களைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை நம் ஜனங்கள் முதலில் விடவேண்டும். அதுவும் அம்பர்நாத்துக்கு வந்து அப்படிச் சொல்வது ரொம்ப அநியாயம்.

எங்கள் வீட்டில் பழைய கண்ணாடிக் கூஜா ஒன்று இருக்கிறது. பட்டை வெட்டிய கனமான கண்ணாடி. கழுத்தும் மூடியும் கைப்பிடியும் வெள்ளி. துரைமார்கள் ஒயின் ஊற்ற வைத்திருந்த ரகம். வெள்ளியில் நடக்கும் சிங்க முத்திரை இருக்கிறது, அதாவது முலாம் இல்லை, 92.5 சதவீத வெள்ளி. கிரகப்பிரவேசத்துக்கு மாமனார் கொடுத்த சீர். ஊரிலிருந்து வருகிற சொந்தமெல்லாம் அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏம்மா, இதைத் துடைக்கிறதே இல்லையா?"

துடைக்கிறாள் சாமி! விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். பதினைந்தே நாளில் பழுப்பு, அப்புறம் கறுப்பு. இதே கூஜா கும்பகோணத்தில் பொங்கலுக்குத் துடைத்தால் தீபாவளி வரை தாங்கியது. முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்டு பட்டாலும் வெள்ளி கறுக்கும்தான். கும்பகோணத்தில் யாரும் வெங்காயம் உரிப்பதில்லையா என்ன?

வெள்ளியைக் கறுக்க வைப்பது முக்கியமாகக் காற்றிலுள்ள கந்தக வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதேதான். நான் வேலை பார்க்கும் துறையில் கன்ட்ரோல் ரூமில் சின்னத் தாமிரத் தகடும் வெள்ளித் தகடும் தொங்கவிடுவோம். 30 நாள் கழித்துப் படலத்தின் கனத்தை அளப்போம். வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் காற்றை வடிகட்ட ஏற்பாடு நடக்கும். எதற்கு? உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு கெட்டுவிடக் கூடாதாம்!

கார்டுக்கு இருக்கிற அக்கறை ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் குழந்தைக்கு இல்லை பாருங்கள்.

1060-ல் எழுந்த சிவன் கோயிலை ஒட்டி ஓடும் வால்துனி ஆற்றை முகர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2014 நவம்பரில் அதில் டேங்கரில் கொண்டுவந்து கொட்டிய ரசாயனக் கழிவு வாயுவாகக் கிளம்பி, பக்கத்து உல்லாஸ்நகரில் நூற்றுக்கணக்கானவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அந்த ராத்திரி எந்த வீட்டுப் பெண் என்னத்தைத் துடைக்க மறந்தாள்?

"நாம பொழைக்க வந்தவங்க, நமக்கெதுக்கு வம்பு" என்று சொல்லாதீர்கள். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, நுரையீரல் மட்டும் கும்பகோணத்திலா இருக்கிறது?

ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற வெள்ளி விளக்கோ கும்பாவோ, துடைத்த தேதியையும் கறுத்த தேதியையும் காலண்டரில் குறியுங்கள். நாற்றம் வந்த ராத்திரியையும் நேரத்தோடு எழுதுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கல்யாண் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். சும்மா தேய்த்துக்கொண்டே இருந்தால் வெள்ளிதான் தேயும்.