தையில் பேசாதவர் வைகாசியில் முணுமுணுப்பதேன்?

வைகாசி மாதத்தில் ரொறன்ரோவில் வீடுடைய எம்மவர் இல்லங்களுக்கு அவ்வாண்டின் இறுதி வரிப்பட்டியல் வந்து சேர்கிறது. அதன்பின் சில வாரங்களுக்குக் கோயில் வாசலிலும் பலசரக்குக் கடையிலும் திருமண மண்டபத்திலும் இதே பேச்சுத்தான். "வரி ஏறிவிட்டது, எங்கள் காசு எங்கே போகிறது?" என்று கேட்காதவர் இல்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அது கேட்கப்படும் காலமும் இடமும் பயனற்றவை. பட்டியலில் உள்ள தொகை வழக்கமாகத் தை மாதத்தில் பொதுமக்கள் முன்னிலையில் வாதிக்கப்பட்டு, மாசியில் முடிவாகிவிடுகிறது. வாதம் நடைபெறும் அந்த மண்டபத்தில் எமது சமூகத்தின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது.

வீட்டுவரி எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். "வீட்டின் விலை ஏறியது, ஆகவே வரி ஏறியது" என்று எம்மவரிற் பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. மாநகரசபை முதலில் தனது ஆண்டுச் செலவைக் கணிக்கிறது. மேலரசுகளின் மானியம், பேருந்துக் கட்டணம், ஏனைய வருமானங்கள் ஆகியவற்றை அதிலிருந்து கழிக்கிறது. எஞ்சும் தொகையே வரியாக வீடுகள், கடைகள், தொழிலகங்கள் மீது பகிரப்படுகிறது. வீட்டின் மதிப்பீடு அந்தப் பகிர்வுக்கான அளவுகோல் மாத்திரமே. நகரிலுள்ள சொத்துகள் அனைத்தின் பெறுமதியும் ஒருசேர இரட்டித்தால், செலவு மாறாதவரை எவர் வரியும் ஏறாது. நகரின் சராசரியைவிட எமது வீட்டின் பெறுமதி கூடுதலாக ஏறினாற்றான் எமது பங்கு கூடும்.

இதற்கு ஒன்ராறியோவே சான்று. அங்கு வரிக்கான பெறுமதி 2016 தை 1ஆந் திகதிய விலையை அடிப்படையாகக் கொண்டது. 2020இல் நடைபெறவேண்டிய புதிய மதிப்பீடு கொரோனாத் தொற்றினால் பிற்போடப்பட்டது. 2025ஆம் ஆண்டின் வரிகூட அந்தப் பழைய பெறுமதியிலேயே கணிக்கப்பட்டது. எனினும் ரொறன்ரோவில் வதிவிட வரி 2024இல் 9.5 வீதமும் 2025இல் 6.9 வீதமும் உயர்ந்தது. அளவுகோல் அசையவில்லை, உயர்ந்தது செலவுத் தொகை. ஆகவே கேள்வி எழவேண்டிய இடம் வரவு செலவுத் திட்டமே.

2024இன் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். அவ்வாண்டு நகரின் நடைமுறைச் செலவு ஏறத்தாழ 17 பில்லியன் டொலர். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீட்டு, வணிகச் சொத்துவரியிலிருந்து வருவது. கணக்கைத் தொடங்கும்போதே 1.8 பில்லியன் டொலர் பற்றாக்குறை இருந்தது. மத்திய அரசைப்போல நடைமுறைச் செலவைக் கடனில் ஓட்ட மாநகரசபைக்குச் சட்டம் இடந்தருவதில்லை. வரவும் செலவும் ஒத்துவரவேண்டும். தை மாதத்தில் அதிகாரிகள் முன்வைத்த வரைவு 10.5 வீத உயர்வைக் கோரியது. பொதுமக்கள் கருத்துக்கூறும் அமர்வுகளின் பின், மாசி முதலாந் திகதி நகரபிதா ஒலிவியா சௌ முன்வைத்த திட்டத்தில் அது 9.5 ஆகக் குறைந்தது.

அதே வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. காவற்றுறை மேலதிகமாக 20 மில்லியன் டொலர் கேட்டது. அதிகாரிகளின் வரைவோ 7.4 மில்லியனே தரலாம் என்றது. காவற்றுறைத் தரப்பு வெளிப்படையாகப் பிரசாரஞ் செய்தது. ஈற்றில் மிகுதி 12.6 மில்லியனும் அதற்குக் கிடைத்தது. அது சரியா பிழையா என்பது இங்கு எமது விவாதமன்று. ஒழுங்காகத் திரண்டு, உரிய நாளில், உரிய மண்டபத்தில் கேட்டவர் பெற்றார் என்பதையே நாம் சுட்டுகிறோம். நூலகத்தின் ஞாயிறு நேரம், முதியோருக்கான நீச்சல் வகுப்பு, பிள்ளைகளின் கோடைகால முகாம் ஆகியவற்றுக்கும் இவ்வாறே கேட்பவர் வேண்டும். ஸ்காபரோவின் இலகு தொடருந்து 2023 ஆடியில் தடம்புரண்டு நிரந்தரமாக மூடப்பட்டது. அன்றுமுதல் அதிகாலை வேலைக்குச் செல்லும் எம்மவர் பனியில் பேருந்துக்காக வரிசையில் நிற்கின்றனர். அவர்களுடைய காத்திருப்பு நீள்வதும் குறைவதும் அந்த வரவு செலவுப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் எழுதப்பட்ட இலக்கத்தினாலேயே.

நாம் இவ்விடயத்தில் ஒதுங்கி நிற்பதற்குக் காரணமும் உண்டு. தாயகத்தில் சோலைவரி கட்டிய தலைமுறை எம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வரியைச் செலவிட்ட சபையைக் கேள்விகேட்கும் வாய்ப்பு அத்தலைமுறைக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. 1983இன் பின் 1998 தை வரை யாழ்ப்பாணத்தில் மாநகரசபைத் தேர்தலே நடைபெறவில்லை. ஆணையாளரே நிர்வகித்தார். தேர்தல் நடந்த அவ்வாண்டிலேயே நகரபிதா திருமதி சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப்பின் அப்பதவியேற்ற பொன். சிவபாலனும் கொல்லப்பட்டனர். வரி என்றால் மேலிருந்து எடுக்கப்படுவது, கேள்வி என்றால் ஆபத்தைத் தேடுவது என்ற பாடத்தை வாழ்க்கையே எம்மவருக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டு வந்தவரைக் குறைகூறுவது நியாயமாகாது. ஆனால் கேள்வி கேட்பதால் எவர்க்கும் ஆபத்து நேராத மண்ணிலும் அதே பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கையளிப்பது பேரிழப்பு.

மேற்பார்வை தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ரொறன்ரோவின் வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. 1999இல் மாநகரசபை கணினிகளைக் குத்தகைக்கு எடுக்க 43 மில்லியன் டொலருக்கு அனுமதியளித்தது. செலவு ஏறத்தாழ இருமடங்கானது. ஸ்காபரோவின் சபை உறுப்பினர் பாஸ் பல்கிசூன் போன்ற சிலர் விடாது கேள்வி கேட்டமையாலேயே அது வெளிச்சத்துக்கு வந்தது. நீதிபதி டெனிஸ் பெலமி தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2005இல் வெளிவந்தது. இன்று அந்நகரில் கணக்காய்வாளர் நாயகமும், உறுப்பினர் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் ஆணையாளரும், செல்வாக்குத் தேடுவோரின் பதிவேடும் இருக்கின்றன. அக்காலத்தில் வெடித்த இத்தகைய விவகாரங்களே இக்காவல் ஏற்பாடுகளின் தேவையை நகருக்கு உணர்த்தின.

உறுப்பினர்கள் மட்டுந்தான் இதைச் செய்ய முடியும் என்று எண்ணவேண்டாம். எம்மவர் செறிந்து வாழும் மார்க்கம் நகரில் 2012இல் 20,000 ஆசனங்கள் கொண்ட விளையாட்டரங்கு ஒன்றைக் கட்டும் திட்டம் எழுந்தது. அதன் செலவு 325 மில்லியன் டொலர். மாநகரசபை கடன் பெறும், தனியார் கூட்டாளியும் கட்டட நிறுவனங்களும் திருப்பித் தருவர் என்றனர். அவர்கள் தராவிடின் எவர் தலையில் விழும் என்று குடிமக்கள் கேட்டனர். கூட்டங்களுக்கு வந்தனர், ஆவணங்களைக் கோரினர். 2013 இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அத்தகைய விழிப்பு இன்று முன்னரிலும் அவசியமாகிறது. ரொறன்ரோ சபையின் உறுப்பினர் தொகை 2018இல் 44 இலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. ஓர் உறுப்பினர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குப் பதில் சொல்லவேண்டியவராகிறார். 2022இல் வந்த மாகாணச் சட்டத்தின்படி வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பவர் நகரபிதா. சபை செய்யும் திருத்தங்களை அவர் நிராகரிக்கலாம். அந்நிராகரிப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சபையின் கடிவாளம் தளர்ந்தவிடத்துக் குடிமக்களின் கண் கூர்மையாக வேண்டும். ஆனால் 2022இன் மாநகரத் தேர்தலில் வாக்களித்தோர் 30 வீதத்தையும் எட்டவில்லை.

"எமக்குக் குடியுரிமை இல்லையே" என்பாரும் உளர். வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும் என்பது உண்மை. குழுவின் முன் பேசுவதற்கு அது தேவையில்லை. பெயரைப் பதிந்தால் சில நிமிடங்கள் பேசலாம், எழுத்திலும் அனுப்பலாம். "நாம் வாடகைக்கு இருப்பவர்" என்பாரும் உளர். கட்டட உரிமையாளர் கட்டும் வரி வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டடத்தின் வரி 2.49 வீதத்துக்கு மேல் குறைந்தால் வாடகையையும் குறைக்கவேண்டும் என ஒன்ராறியோச் சட்டம் கூறுகிறது. இதை அறிந்து கேட்போர் எத்தனை பேர்?

வரியைக் குறையுங்கள் என்று மட்டும் கூச்சலிடுவது கண்காணிப்பாகாது. பேருந்தும் வேண்டும், நூலகமும் வேண்டும், வரி மட்டும் வேண்டாம் என்பது கணக்குக்கு ஒவ்வாது. எந்தச் செலவு தேவை, எது வீண், எது எமது வட்டாரத்துக்கு மறுக்கப்படுகிறது என்று இலக்கங்களைக் காட்டிக் கேட்பதே பயன்தரும். தமது வீட்டின் மதிப்பீடு பிழையெனக் கருதுவோர், அறிவித்தலில் குறித்த நாளுக்குள் மீள்பரிசீலனை கோரலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மாநகரசபையின் ஆவணம் ஒன்றைப் பார்க்க விரும்புவோர், 1991 முதல் நடைமுறையில் உள்ள தகவல் சட்டத்தின் கீழ் ஐந்து டொலர் செலுத்தி விண்ணப்பிக்கலாம்.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தமது ஆண்டுக் கணக்கறிக்கையை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்கின்றன என்பதை நாம் அறிவோம். நூறு டொலர் குறைந்தாற் பொருளாளர் எழுந்து நின்று விளக்கம் சொல்லவேண்டும். அந்தக் கண்டிப்பில் பத்திலொரு பங்கு போதும். கணக்கியல் கற்ற இளையோர் எம்மிடையே ஏராளம். ஒவ்வொரு சங்கமும் அவர்களில் இருவரை மார்கழியில் தெரிந்து, வரைவு வெளியானதும் தமது வட்டாரத்துக்குரிய பக்கங்களைப் படித்துத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் தரச் செய்யட்டும். தை மாதத்து அமர்வுக்கு ஐந்து பேரை அனுப்பட்டும். வைகாசியில் பட்டியல் வரும்போது அதிலுள்ள தொகை கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். அது எமக்குத் தெரியாமல் எழுதப்பட்டதாக மட்டும் இருக்கக்கூடாது.