ஈரத்தை யார் அளப்பது?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்று கழிக்கப்படும் கிலோவைப் பற்றி ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களிலிருந்து நமது சங்கத்துக்கு வரும் முறைப்பாடுகள் இந்த மழைக்காலத்திலும் குறையவில்லை. அவற்றோடு இப்போது இன்னொரு முறைப்பாடும் சேர்ந்து வருகிறது. தோட்டத்தில் விறகு வெட்டவும் கிளை கழிக்கவும் ஆட்களை அனுப்புகிறார்கள். எவ்வளவு வெட்டினால் ஒரு பேர் என்பதற்கு எழுதப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. லொறியில் எத்தனை தொன் போனது என்பதும் வெட்டியவருக்குத் தெரிவதில்லை.

இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள் போலத் தோன்றலாம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பாரத்தில் எவ்வளவு பொருள், எவ்வளவு தண்ணீர், அதை அளப்பவர் யார்? உலக மரச் சில்லு வியாபாரம் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் கண்டுவிட்டது. அந்தப் பதிலை நமது தொழிலாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஜப்பானியக் கடதாசி ஆலைகள் 1960களிலிருந்து மரச் சில்லுகளைக் கப்பலில் இறக்குமதி செய்கின்றன. இன்று வியட்நாமில் சிறு காணிக்காரர்கள் நட்டு, ஐந்து முதல் ஏழு வருடங்களில் வெட்டும் அக்கேசியா மரங்கள் சில்லாக்கப்பட்டு ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போகின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மரத்தூளை அழுத்திச் செய்யும் பெலட்டுகள் அட்லாண்டிக் கடலைக் கடந்து, இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையத்தில் எரிகின்றன. 2012இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான விலை அறிவித்த பிறகு, எரிப்பதற்கான மரமும் பெரும் கப்பல் சரக்காகிவிட்டது.

மரச் சில்லு பாரமில்லாத, ஆனால் இடத்தை அடைக்கும் பொருள். எடைக்கு முன்னே கப்பலின் வயிறு நிரம்பிவிடும். அதனால்தான் இதற்கென்றே அகன்ற கிடங்குகள் கொண்ட தனிக் கப்பல்கள் கட்டப்பட்டன. சுமார் ஒரு இலட்சம் கன மீட்டர் இடமுள்ள கப்பல்கூட நாற்பதாயிரம் தொன்னைச் சற்றுத் தாண்டித்தான் ஏற்றும். அதிலும் பெரும்பகுதி தண்ணீர். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். தண்ணீருக்குக் காசு கொடுக்க எந்த ஆலைக்காரனும் தயாரில்லை. மரத்தை இலவசமாகக் கொடுக்க எந்த விற்பனையாளனும் தயாரில்லை.

இருவரும் ஒத்துக்கொண்ட வழி இதுதான். கப்பல் ஏற்றுமுன் எவ்வளவு ஆழம் நீரில் அமிழ்ந்திருந்தது, ஏற்றிய பின் எவ்வளவு அமிழ்ந்தது என்று பார்த்து மொத்த எடையைக் கணக்கிடுகிறார்கள். சில்லு ஏறிக்கொண்டிருக்கும்போதே இடைக்கிடை மாதிரி எடுத்து, 105 பாகை வெப்பத்தில் எடை மேலும் குறையாத அளவுக்கு உலர்த்தி, மீண்டும் நிறுக்கிறார்கள். முதல் எடைக்கும் இரண்டாம் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈரம். அதைக் கழித்து, முற்றிலும் உலர்ந்த தொன்னுக்கே விலை பேசுகிறார்கள். இதைச் செய்பவர் வாங்குபவரின் ஆளுமல்ல, விற்பவரின் ஆளுமல்ல. இருவரும் ஏற்ற மூன்றாம் தரப்பு அளவையாளர். அவர் எழுதும் சீட்டின் பிரதி இரு தரப்புக்கும் போகும்.

கண்ணால் பார்த்து "நனைந்திருக்கிறது, ஐயாயிரம் தொன்னைக் கழி" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் வியாபாரமே நடக்காது.

இப்போது நமது தராசுக்கு வருவோம். மழையில் பறித்த கொழுந்தின் மேல் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதைக் கழிக்கத்தான் வேண்டும் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. தண்ணீர் ஒட்டியிருப்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது, எவ்வளவு என்று அளந்தது யார் என்பதைத்தான். வெயில் நாளிலும் அதே கிலோ கழிக்கப்படுவது ஏன்? சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு என்று போகும்போது, எது எதற்கு என்று சீட்டில் எழுதப்படாதது ஏன்?

ஒரு நாளில் மூன்று முறை நிறுத்து, முறைக்கு இரண்டு கிலோ கழித்தால் நாளுக்கு ஆறு கிலோ. 25 நாள் வேலைக்கு 150 கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பது ஸ்டோரில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் 150 கிலோ கொழுந்து 33 கிலோ தேயிலை. கழிக்கப்பட்டது முழுவதும் தண்ணீர்தான் என்றால் அதிலிருந்து ஒரு தேக்கரண்டித் தேயிலைகூட வந்திருக்காது. வந்திருந்தால் அது யாருடைய உழைப்பு?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொழுந்துக்குள் இருக்கும் தண்ணீர் வேறு, மேலே ஒட்டிய மழைநீர் வேறு. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற்பங்கு அதன் சொந்த நீர்தான். அதை வாட்டி, உலர்த்தி எடுப்பது ஸ்டோரின் வேலை. கழிப்பதற்கு நியாயமுள்ளது மேல் ஈரம் மட்டுமே. அதை அளக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நிறுக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி முன்னால் ஒரு கிலோ மாதிரி எடுத்து, மேல் ஈரம் போகும்வரை பரப்பிவைத்து, மீண்டும் நிறுத்தால் போதும். கடலைக் கடக்கும் சரக்குக்குச் செய்யக்கூடியதை மலையிலிருந்து ஸ்டோருக்குப் போகும் சாக்குக்குச் செய்ய முடியாதா?

2021இல் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. சம்பளம் வர்த்தமானியில் எழுதப்படுகிறது. நாளுக்கு எத்தனை கிலோ என்பதையோ தோட்டம் தீர்மானிக்கிறது. தராசில் ஆறு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். வர்த்தமானியில் கிடைத்த உயர்வு தராசுத் தட்டில் பறிபோகும்.

விறகு விடயத்துக்கு வருவோம். தேயிலை உலர்த்தும் அடுப்புகள் விறகை நம்பியிருக்கின்றன. எரிபொருள் விலை ஏற ஏற, கம்பெனிகள் தேயிலை விளைச்சல் குறைந்த மலைகளில் யூக்கலிப்டஸும் கிளிரிசிடியாவும் நடுகின்றன. 2005இல் அரசாங்கம் கிளிரிசிடியாவைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. நமது பதுளை மாவட்டத்திலேயே மகியங்கனையில் டோக்கியோ சீமெந்துக் குழுமத்தின் உயிர்த்திணிவு மின்நிலையம் இயங்குகிறது. விறகு இனி அடுப்படிச் சங்கதி மட்டுமல்ல. அது ஒரு பயிர், ஒரு வியாபாரம்.

வியாபாரம் என்றால் கணக்கும் வேண்டும். பாதி ஈரமுள்ள பச்சை விறகு பத்துத் தொன் ஏற்றும் லொறி, ஐந்து தொன் தண்ணீரையும் சுமந்துகொண்டு மலையிறங்குகிறது. அதே விறகை அடுக்கி, ஈரம் ஐந்தில் ஒரு பங்காகும்வரை காயவைத்தால் எடை ஆறேகால் தொன்னாகிவிடும். உள்ளே இருக்கும் மரம் ஒரு கிலோகூடக் குறையாது. வாங்குபவருக்கும் லொறிக்காரருக்கும் இது இலாபம். ஆனால் வெட்டியவருக்குக் காய்ந்த எடைக்குக் கூலி என்றால், மூன்றே முக்கால் தொன் அவர் கணக்கிலிருந்து மறைந்துபோகும். பச்சை விறகை வெட்டித் தோளில் சுமந்தவர் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் சுமந்தார். ஆகவே வெட்டுக்கூலி வெட்டிய இடத்திலேயே, வெட்டிய அன்றே அளந்து எழுதப்பட வேண்டும்.

பாதுகாப்பும் பேசப்பட வேண்டும். 2006 நவம்பரில் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில், மர பெலட் ஏற்றிவந்த கப்பலின் கிடங்கை ஒட்டிய படிக்கட்டு அறைக்குள் இறங்கிய ஒரு மாலுமி உயிரிழந்தார். குவித்துவைத்த மரம் உள்ளிருக்கும் ஒட்சிசனை உறிஞ்சி, மணமில்லாத காபனோரொட்சைட்டு வாயுவை வெளிவிடும் என்பதை அந்தச் சாவு துறைமுகத் தொழிலாளர்களுக்கு உணர்த்தியது. நமது தோட்டங்களிலும் காற்றோட்டமில்லாத அறைகளில் மரத்தூளோ சில்லோ குவிப்பதாக இருந்தால் இதை மறக்கக்கூடாது. அதைவிட அன்றாட ஆபத்துகள் நமக்கு உண்டு: குளவிக்கூடு, வழுக்கும் சரிவு, தலைக்கு மேல் முறியும் கிளை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மண் மூடியதைக் கண்ட மாவட்டம் இது. லயங்களுக்கு மேலுள்ள சரிவில் மரங்களை மொத்தமாக வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்பது குறைந்தபட்ச மரியாதை.

இன்னொன்று. கவாத்து மலையில் மிலாறு பொறுக்கித்தான் நமது பெண்கள் பல தலைமுறைகளாக லயத்து அடுப்பை எரிக்கிறார்கள். விறகுக்கு விலை வந்துவிட்டது என்பதற்காக அந்த மிலாறும் விற்பனைக் கணக்கில் சேர்க்கப்பட்டால், எரிவாயு வாங்க முடியாத வீட்டில் உலை கொதிக்காது.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு நிறுவைத் தராசும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தராசையும் கட்டுப்படுத்தும்.

2. ஈரக் கழிவு மாதிரி எடுத்து அளந்த பின்னரே கழிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கழிவும் காரணத்தோடு சீட்டில் எழுதப்பட வேண்டும்.

3. விறகு வெட்டு, கிளை கழிப்பு, சுமை ஆகியவற்றுக்கான அளவு சங்கங்களோடு பேசித் தீர்மானிக்கப்பட வேண்டும். தோட்டத்தை விட்டுப் போகும் லொறிச் சீட்டின் பிரதி தோட்டக் கமிட்டிக்கு வேண்டும்.

4. விறகு வேலைக்குக் கையுறை, தலைக்கவசம், முதலுதவி, குளவிக்கூடு முன்பரிசோதனை ஆகியவை கட்டாயமாக வேண்டும்.

5. மிலாறு எடுக்கும் உரிமை எழுத்தில் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களிடமும் மாதர் பிரிவுத் தலைவிகளிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். இந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு நிறுவையின்போதும் கழித்த கிலோவை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். திகதி, மலை, மழையா வெயிலா, கழிவு எவ்வளவு என்ற நான்கு விபரங்கள் போதும். பேச்சுவார்த்தை மேசையில் முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கலாம். நாள்தோறும் எழுதிய கொப்பியைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு இலகுவல்ல.