ஆங்கில வாசல் ஒன்று போதுமா?

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் நடைபெறும் சர்வதேசத் திரைப்பட விழாவில் ஸ்பானிய மொழிப் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்பெயின் நாட்டு இயக்குநர் கார்லோஸ் ஸாவ்ராவுக்கு 2013-லும், அர்ஜென்டினாவின் பெர்னாண்டோ ஸோலனாஸுக்கு 2019-லும் இவ்விழாவில் வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பட்டது. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வந்துவிட்டால் கேரளத்துத் தெருக்களில் அர்ஜென்டினாவின் நீல வெள்ளைக் கொடி பறக்கிறது. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்ஸியா மார்க்கேஸ் 2014-ல் காலமானபோது மலையாளப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அஞ்சலி செலுத்தின.

இத்தனை பிரியம் இருந்தும், அந்த எழுத்தாளர்களின் மொழியை நேரடியாகக் கற்றறிந்தவர்கள் இங்கு மிகச் சிலரே. படங்களுக்கு ஆங்கில எழுத்துக்கள் ஓடுகின்றன. நூல்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு துணை நிற்கிறது. மலையாளத்துக்கும் தமிழுக்கும் ஸ்பானிய உலகம் பெரும்பாலும் ஆங்கில வாசல் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு வாசல் போதுமா என்ற கேள்வியைக் கல்வியாளர்கள் எழுப்ப வேண்டிய தருணம் இது.

கேள்விக்குக் காரணம் உண்டு. 2026-ஆம் ஆண்டைக் கலாசாரம், சுற்றுலா, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்கான இந்திய–ஸ்பெயின் ஆண்டாகக் கொண்டாடுவதென இரு நாட்டு அரசுகளும் 2024 அக்டோபரில் அறிவித்தன. கேரளத்திலோ 2024 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு நடைமுறைக்கு வந்து, மாணவர்கள் தம் பாடத்துக்கு வெளியே பிற பாடங்களையும் எடுத்துப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தனியார் பல்கலைக் கழகங்களை அனுமதிக்கும் மசோதா 2025 மார்ச்சில் சட்டசபையில் நிறைவேறியது. பாடத்திட்டங்கள் புதிதாக உருவாகும் காலத்தில் இடம் பெறாத பாடம், பிறகு இடம் பெறுவது எளிதல்ல.

இழப்பு என்ன?

ஆங்கிலத்தின் வழியாகப் படித்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். முதலில் பெயர்களையே எடுத்துக் கொள்ளலாம். 1605-லும் 1615-லும் இரு பாகங்களாக வெளிவந்த செர்வாண்டெஸின் பெருநாவலைத் தமிழர்கள் 'டான் குவிக்ஸாட்' என்றே நெடுங்காலம் அறிந்து வந்தனர். ஸ்பானியர் வாயில் அது 'தோன் கிஹோத்தே'. 'ஹோஸே' என்பவர் தமிழ் அச்சில் 'ஜோஸ்' ஆகிறார். 'ஹுவான்' என்பவர் 'ஜுவான்' ஆகிறார்.

இது மேலெழுந்தவாரியான குறை. ஆழமான குறை வேறு. தமிழில் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. மனைவி கணவனை எப்படி அழைக்கிறாள், முதலாளி வேலையாளை எப்படி விளிக்கிறார் என்பதிலேயே ஒரு குடும்பத்தின் கதையும் ஒரு சமூகத்தின் கதையும் அடங்கிவிடுகின்றன. ஸ்பானிய மொழியிலும் இதே வேறுபாடு இருக்கிறது. நெருக்கமானவரை 'தூ' என்றும், மரியாதைக்குரியவரை 'உஸ்தேத்' என்றும் அழைப்பார்கள். அர்ஜென்டினா போன்ற நாடுகளில் 'தூ' என்பதற்குப் பதில் 'வோஸ்' வழங்குகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இவை அனைத்தும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர், எந்த இடத்தில் 'நீ' போடுவது, எந்த இடத்தில் 'நீங்கள்' போடுவது என்று ஊகிக்க வேண்டியதாகிறது. மூலத்தில் தெளிவாக இருப்பது, தமிழிலும் தெளிவாகச் சொல்லக் கூடியது, நடுவில் நிற்கும் மொழியால் மறைந்து போகிறது.

இதனால் ஆங்கிலம் வழி மொழிபெயர்த்தோரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மார்க்கேஸின் புகழ்பெற்ற நாவல் 1967-ல் வெளிவந்தது. கிரெகரி ரபாஸாவின் ஆங்கிலமாக்கம் 1970-ல் வந்தது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற தமிழ் நூல் 2013-ல்தான் வெளியாயிற்று. அதன் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரான கவிஞர் சுகுமாரன் திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றியவர் என்பது இந்நகரத் தமிழர்கள் பெருமைப்படத்தக்க செய்தி.

நெரூடாவும் ஒரு தமிழ்ப் பெண்ணும்

ஓர் இலக்கியத்தை ரசிப்பதும், அதைப் பல்கலைக் கழக முறையில் கற்பதும் ஒன்றல்ல. இதை விளக்க ஓர் உதாரணம் போதும்.

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா தமிழிலும் மலையாளத்திலும் பெரிதும் கொண்டாடப்பட்டவர். 1971-ல் நோபல் பரிசு பெற்றவர். இளம் வயதில், 1929-ல், கொழும்பில் தம் நாட்டின் தூதரக அதிகாரியாக இருந்தார். அவர் 1973-ல் இறந்த பிறகு, 1974-ல் அவருடைய நினைவுக் குறிப்புகள் வெளிவந்தன. கொழும்பில் தாம் வசித்த வீட்டுக்குக் கழிவு அகற்ற வந்த தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் தாம் பலாத்காரமாக நடந்து கொண்டதை அந்நூலில் அவரே எழுதியிருக்கிறார். அப்பெண்ணின் பெயர் அதில் இல்லை.

பல பத்தாண்டுகள் இந்தப் பக்கம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2018-ல் சிலியின் தலைநகர் விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது, அந்நாட்டுப் பெண்கள் இயக்கத்தினர் இதைச் சுட்டிக்காட்டி எதிர்த்தனர். நெரூடாவைப் போற்றிய தமிழ் மேடைகளில் எத்தனை பேர் அந்தப் பெண்ணைப் பற்றி அறிந்திருந்தனர்?

ஒரு கவிஞரைத் தூக்கி எறிவதற்காக இது சொல்லப்படவில்லை. கவிதை எது, அதைப் பாடியவரின் வாழ்வு எது, காலனி ஆட்சியின் கீழிருந்த ஆசியாவில் ஒரு தாழ்த்தப்பட்ட தமிழ்ப் பெண்ணை அந்தக் கண்கள் எப்படிப் பார்த்தன என்றெல்லாம் மூலத்தையே வைத்துக் கேள்வி கேட்கும் பயிற்சியைத் தருவதுதான் உயர்கல்வி. கொழும்புச் சம்பவத்தைச் சிலி மாணவர் ஒருவர் ஒரு விதமாக வாசிக்கலாம். தமிழ் மாணவி ஒருத்தி வாசித்தால் அதில் வேறொன்று தெரியும். அவள் தன் கருத்தை ஸ்பானிய மொழியிலேயே எழுதினால் அந்த உலகமும் அதைக் கேட்கும்.

எங்கே படிப்பது?

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 50 கோடிப் பேர். ஸ்பெயின், மெக்சிகோ முதல் ஆப்பிரிக்காவின் ஈக்குவடோரியல் கினி வரை 20 நாடுகளில் அது அரசு மொழியாக வழங்குகிறது.

இந்தியாவில் இத்துறையில் நெடுநாள் வேரூன்றிய இடங்கள் டில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகம், டில்லிப் பல்கலைக் கழகம், ஐதராபாத்தில் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக் கழகம் ஆகியவை. ஆங்கில இலக்கியம் படிக்கச் செல்லும் மாணவர் அம்மொழியை ஓரளவு அறிந்தே செல்கிறார். ஸ்பானிய மாணவரோ எழுத்திலிருந்து தொடங்குகிறார். முதல் ஆண்டுகள் பெரும்பாலும் மொழிப் பயிற்சிக்கே போகின்றன. அதன் பிறகே ஸ்பெயினின் வரலாறு, லத்தீன் அமெரிக்க நாடுகளின் விடுதலைப் போர்கள், அங்குள்ள பூர்வகுடி மக்களின் மரபு, நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு என்று பாடம் விரிகிறது. ஆகவே ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு இதற்கு ஈடாகாது.

திருவனந்தபுரத்தில் அயல்மொழிக் கல்விக்குப் பழைய மரபு உண்டு. கேரளப் பல்கலைக் கழகத்தில் ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்குத் தனித் துறைகள் உள்ளன. நகரில் ரஷ்யக் கலாசார நிலையமும், ஜெர்மன், பிரெஞ்சு மொழி நிலையங்களும் இயங்குகின்றன. ஸ்பெயின் அரசின் செர்வாண்டெஸ் நிலையமோ 2009-ல் புதுடில்லியில் தொடங்கப்பட்டது. இங்கிருந்து அது ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தூரம்.

பிழைப்புக் கேள்வி

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேரளத்தில் ஜெர்மன் வகுப்புகள் நிரம்பி வழிவதற்குக் கதே காரணமல்ல. ஜெர்மன் மருத்துவமனைகளில் செவிலியருக்கு இருக்கும் தேவையே காரணம். ஸ்பானிய மொழிக்கு அத்தகைய நேரான பாதை இன்று இல்லை. மொழிபெயர்ப்பு, சுற்றுலா, கணினி நிறுவனங்களின் அயல்நாட்டு வாடிக்கையாளர் பணி, ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. ஆனால் அவற்றைப் பெரிதுபடுத்திக் காட்டுவது மாணவரை ஏமாற்றுவதாகும்.

இங்கேதான் அரசுப் பல்கலைக் கழகத்தின் கடமை வருகிறது. விலைபோகும் மொழியைக் கற்பிக்கத் தனியார் எப்போதும் முன்வருவர். இலக்கியத்தையும் பண்பாட்டையும் ஆராயும் துறையைப் பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனம்தான் ஏற்க முடியும். இன்னொரு பாடத்துடன் சேர்த்துப் படிக்க நான்காண்டுத் திட்டம் இடம் தருவதால், பொருளாதாரமோ கணினியோ முதன்மையாகப் படிக்கும் மாணவர் ஸ்பானியத்தைத் துணையாக எடுக்க வழி செய்யலாம். ஆர்வம் உள்ளவர் மேலே போவார். மற்றவருக்கும் நஷ்டமில்லை.

தமிழருக்கு என்ன?

இதில் இந்நகரத் தமிழருக்குத் தனிப் பங்கு இருக்கிறது. தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த மாணவர்கள் இங்கே உள்ளனர். நீல பத்மநாபன், ஆ. மாதவன் போன்றோர் மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பாலம் கட்டிய ஊர் இது. வையாபுரிப் பிள்ளை தலைமை வகித்த தமிழ்த் துறை உள்ள பல்கலைக் கழகம் இது. மூன்றாவதாக ஸ்பானியமும் கற்றவர் இருவேறு வாசகர் உலகங்களுக்கு நேரடியாக நூல் தர முடியும்.

மொழி நிலையம் ஒன்று இருந்தால் என்ன விளையும் என்பதற்குச் சென்னையே சான்று. வெ. ஸ்ரீராம் அங்குள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு கற்றார். காம்யுவின் 'அந்நியன்' 1980-ல் மூலத்திலிருந்தே தமிழுக்கு வந்தது.

பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ந் தேதி, அருகிலுள்ள கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கத் தமிழ் நூல் அது. அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் முதன்முதலாகத் தமிழ் எழுத்துக்களை வார்த்தவர் ஹுவான் கொன்சால்வஸ் என்ற ஸ்பானியர். ஒரு ஸ்பானியர் தமிழ் எழுத்தைக் கற்றுச் செதுக்கி நான்கரை நூற்றாண்டு ஆகப் போகிறது.

இந்திய–ஸ்பெயின் கூட்டறிக்கையில் வல்யாதோலித் பல்கலைக் கழகத்தில் இந்தி மற்றும் இந்தியவியல் இருக்கை பற்றிப் பேசப்பட்டுள்ளது. அங்கே இந்திக்கு இருக்கை அமைவது நல்லதே. தெற்கின் மொழிகளுக்கும் அங்கே ஓரிடம் கேட்க வேண்டுமானால், அவர்கள் மொழியை இங்கே முறையாகக் கற்பிக்கும் துறை ஒன்று முதலில் வேண்டும். கேரளப் பல்கலைக் கழகம் தன் ஜெர்மன், ரஷ்யத் துறைகளின் அனுபவத்தைக் கொண்டு, சில ஆசிரியர்களுடனும் ஒரு நல்ல நூலகத்துடனும் இதைத் தொடங்கலாம். திரைப்பட விழாவில் வரிசையில் நிற்கும் இளைஞர்களில் சிலராவது அந்த வகுப்பறைக்கும் வருவார்கள் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு.