நம் மலைகளுக்கு நம் பொறியியலாளர்கள்

ரப்பரும் தேயிலையும் சூழ்ந்த தெரணியகலைத் தோட்டங்களில் வாழும் நாம், நீரையும் மண்ணையும் புத்தகத்தில் படித்து அறிந்தவர்களல்லர். பீலித் தண்ணீர் மழைக்குக் கலங்குவதும், தொழிற்சாலைக் கழிவு சேரும் ஓடை நாற்றமெடுப்பதும், அடைமழை இரவில் லயத்துக்கு மேலுள்ள மண்மேட்டை எண்ணி உறங்காதிருப்பதும் நமது அன்றாட அனுபவங்கள். இவற்றுக்குப் பரிகாரம் தேடும் படிப்பே சுற்றாடல் பொறியியல்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ரப்பர் பாலை உறையவைக்க அமிலம் சேர்க்கிறார்கள். எஞ்சும் கழிவுநீர் ஓடையில் கலந்ததும், அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மடிகின்றன. அதே நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து, காற்றூட்டி, நீரைத் தெளியவைத்து வெளியேற்றலாம். தொட்டி எவ்வளவு பெரியது, நீர் எத்தனை மணி நேரம் தங்கவேண்டும் எனக் கணக்கிடுவதே பொறியியலாளரின் வேலை. நம் சீதாவாக்கை ஆறு களனி கங்கையில் சேருகிறது. அந்தக் கங்கையின் நீரையே கொழும்பு நகரம் அருந்துகிறது. ஆகவே இது நம் ஓடையோடு முடியும் விடயமல்ல.

இப்படிப்புக்கு வேலை உண்டா எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் திருத்தங்களும், கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைகள் உரிமம் பெறவேண்டும் என்கின்றன. எனவே தொழிற்சாலைகளுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் இத்துறை அறிந்தவர்கள் தேவை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் இடமுண்டு. 2017இல் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்டபின், குப்பையை அகற்றுவதும் பொறியியலே என்பதை நாடு உணர்ந்தது. 2016 மே மாதம் நம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவுகள் மக்களைப் புதைத்தன. மலைச்சரிவில் நீர் வடியும் வழியை ஆராய்வோரும் நமக்கு வேண்டும்.

பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களின் குடிசார் பொறியியல் துறைகளில் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. ருகுணைப் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரிலேயே சுற்றாடல் பொறியியலும் உண்டு. படிப்பு நான்கு ஆண்டுகள், கட்டணமில்லை, மொழி ஆங்கிலம். ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் கற்றவர்க்கே பொறியியல் பீடத்தின் கதவு திறக்கும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கப்படுகிறார்கள். தமிழில் இம்மூன்றையும் கற்பிக்கும் வகுப்பு எட்டாத தூரத்தில் இருந்தால், சாதாரணதரத்தில் கணிதத்தில் சிறந்த பிள்ளையும் கலைப்பிரிவுக்கே போகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீத மேலதிக இடங்கள் உண்டு. அயல் மாவட்டமான இரத்தினபுரி அப்பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. மாவட்டத்தின் சராசரிக்குள் தோட்டத்தின் பின்னடைவு மறைந்துவிடுகிறது.

எனவே நாம் கேட்கவேண்டியது தெளிவானது. சப்பிரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களம் இப்பகுதியில் ஒரு தமிழ்ப் பாடசாலையிலாவது கணிதப் பிரிவை ஆசிரியர்களுடன் நிலைநிறுத்த வேண்டும். தூரப் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். பெற்றோர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்கட்டும். படித்தவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே மாலையில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கட்டும். நம் நீரின் சுவையும் நம் மண்ணின் குணமும் அறிந்த பிள்ளை, அளவுகோலும் வரைபடமும் ஏந்தி இம்மலைக்குத் திரும்பும் நாளை நாமே உருவாக்க வேண்டும்.