தொலமியின் பெரிய இலங்கையும் நம்மவரின் பெரிய கற்பனையும்

பழைய ஐரோப்பிய வரைபடமொன்று தமிழர்தம் இணையத்தளங்களில் பல்லாண்டுகளாக உலா வருகின்றது. இந்தியாவின் தென்பகுதி கத்தியால் நறுக்கியது போலத் தட்டையாகக் கிடக்கும். அதனருகே இலங்கை, சிறுகண்டம் ஒன்றின் பருமனில், நிலநடுக்கோட்டையும் தாண்டிப் பரந்திருக்கும். கடல்கொண்ட குமரிக்கண்டத்துக்கு வெள்ளைக்காரனே தந்த சாட்சி இது என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கும். படம் உண்மையானது. குறிப்புத்தான் பொய்.

அப்படம் யாருடையது? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமியின் புவியியல் நூலிலுள்ள அளவுகளைக் கொண்டு வரையப்பட்டு, 1477இல் பொலோஞ்ஞாவிலும் 1482இல் உல்ம் நகரிலும் அச்சேறியது. தொலமி இத்திசைக்கு வந்தவரல்லர். மாலுமிகளும் வணிகரும் சொன்ன பயணத் தூரங்களைப் பாகைகளாக மாற்றியவர். இந்தியாவின் மேற்குக்கரை தெற்கு நோக்கி நெடுந்தூரம் இறங்குவதை அவர் அறியவில்லை. அதனைக் கிழக்கே இழுத்துவிட்டார். நான்கு பாகைக்குள் அடங்கும் இலங்கைக்கு ஏறக்குறைய பதினைந்து பாகை நீளம் கொடுத்தார். ஆயினும் அனுராதபுரத்தை அரச நகரமென அவர் அறிந்திருந்தார். பெயர் சரி, அளவு பிழை. செவிவழிச் செய்தியின் இயல்பே அதுதான்.

குமரிக்கண்ட அன்பர்களிடம் ஒரு கேள்வி. இலங்கையின் மிகுதி நிலம் கடலில் அமிழ்ந்தது என்கிறீர்கள். அதே படத்தில் இல்லாத தென்னிந்தியத் தீபகற்பம் எப்போது கடலிலிருந்து முளைத்தது? ஒரே தாளின் ஒரு பாதியைச் சாட்சியாக ஏற்று மறுபாதியை மறைப்பது எந்த நீதிமன்றத்தில் செல்லும்?

கடலோடிகளின் வரைபடங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பீசா வரைபடம் இன்று பாரிஸில் இருக்கின்றது. எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையது. திசைகாட்டிக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் அத்தோலிலே மத்தியதரைக் கடலின் கரைகள் வியக்கத்தக்க திருத்தத்துடன் உள்ளன. பிரித்தானியாவோ உருத்தெரியாத கட்டையாகக் கிடக்கின்றது. கப்பல் சென்ற இடம் தெளிவு, செல்லாத இடம் கதை. 1375ஆம் ஆண்டளவிலே மயோர்க்காத் தீவின் யூத வரைஞர் ஆபிரகாம் கிறெஸ்கெஸ் வரைந்ததாகக் கொள்ளப்படும் கற்றலன் ஏட்டிலும் இதே நிலைதான். மத்தியதரைக் கடல் மாலுமியினுடையது. கிழக்கு மார்க்கோ போலோ முதலியோரினுடையது. தப்ரபேன் அங்கே உலகின் கீழைக் கோடிக்கே போய்விட்டது. அப்படியானால் நம் நாடு நகர்ந்தும் சென்றதா?

அக்கால வரைஞர்கள் நம்மவரைவிட நேர்மையாளர்கள். 1450ஆம் ஆண்டளவில் வெனிஸ் நகரத் துறவி பிரா மௌரோ, தொலமியைக் கண்மூடிப் பின்பற்ற மறுத்து, இலங்கையையும் சுமாத்திராவையும் வேறுபடுத்தினார். 1502இல் லிஸ்பனில் வரையப்பட்டு, அல்பேர்த்தோ கண்டீனோ என்பவரால் பெராரா கோமகனுக்காக இரகசியமாகக் கடத்தப்பட்ட வரைபடத்தில் இந்தியா கூம்பிய தீபகற்பமாகவே காட்சி தருகின்றது. உல்ம் பதிப்புக்கும் அதற்கும் இடையே இருபதே ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் பூமி அசையவில்லை. வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து திரும்பியிருந்தார், அவ்வளவுதான்.

இந்நோய் தமிழருக்கு மட்டும் உரியதன்று. துருக்கியக் கடற்படைத் தலைவர் பீரி ரெயிஸ் 1513இல் வரைந்த படத்திலே பனியில்லாத அந்தாட்டிக்காவைக் கண்டதாக 1966இல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் நூல் எழுதினார். அக்கண்டம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பனியால் மூடுண்டு கிடப்பது. வைக்கிங்குகள் அமெரிக்காவை அடைந்தமைக்குச் சான்றென 1965இல் யேல் பல்கலைக்கழகம் பெருமையுடன் வெளியிட்ட வின்லாந்துப் படத்தின் மையில், 20ஆம் நூற்றாண்டுத் தைத்தானியச் சேர்மம் இருந்தது. 2021இல் அப்பல்கலைக்கழகமே அதனைப் போலியென அறிவித்தது. வைக்கிங்குகள் அங்கு சென்றதென்னவோ உண்மை; நியூபவுண்ட்லாந்தின் அகழ்வுகள் அதனை முன்னரே நிறுவிவிட்டன. உண்மைக்குப் பொய்ச்சாட்சி எதற்கு?

என் கவலையும் இதுவே. இப்படி எழுதினால் துரோகி என்பார்கள். பத்திரிகைத் தொழிலில் அந்தப் பட்டம் எனக்குப் புதிதன்று. கடல்கோள் பற்றிய இலக்கியக் குறிப்புகள் தனி விவாதம். அவற்றை ஆராய்வோர் ஆராயட்டும். ஆனால் தொலமியின் பிழையைத் தூக்கிக்கொண்டு உலக அறிஞர் முன் செல்வோமாயின், அடுத்துக் காட்டும் மெய்யான ஆதாரத்தையும் அவர்கள் ஐயத்துடனேயே பார்ப்பார்கள்.

மெய்யான ஆதாரம் நம்மிடம் இல்லையா? ஐரோப்பியர் நம் கரைகளைச் செவிவழியே வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியுடன், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையில் கல்வெட்டொன்றை நிறுவச் செய்தார். அதன் மொழிகள் மூன்று: சீனம், பாரசீகம், தமிழ். தெனவரை நாயனாருக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையிட்டதைத் தமிழ்ப்பகுதி சொல்கின்றது. இந்துமாக்கடலின் வணிகருக்குச் செய்தி சொல்லத் தமிழ் வேண்டுமென்று சீனப் பேரரசு கருதியது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. தொலமியின் படத்தை அனுப்பிவைக்கும் அன்பர்களில் ஒருவராவது அந்தக் கல்லின் படத்தை எனக்கு அனுப்பியதில்லை.