சுவரைத் தட்டு... அட்வான்ஸை அப்புறம் நீட்டு!

இன்ஜினீயரிங் படிக்கிற பசங்களுக்கு வீட்ல என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். மிக்ஸி ஓடலைன்னா கூப்பிடுவாங்க, ஃபேன் கரகரன்னா கூப்பிடுவாங்க. ஆனா, அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு முப்பது வருஷப் பழைய வீட்டை வாங்கக் கிளம்பும்போது மட்டும் 'உனக்கெதுக்குடா இதெல்லாம்?'. கூப்பிடலைன்னாலும் வண்டியில ஏறி உட்காந்துடுங்க பாஸ்!

பெரியவங்க அங்கே போய் என்ன பார்ப்பாங்க? வாசல் கிழக்கா, தண்ணி உப்பா, பஸ் ஸ்டாப் பக்கமா. அப்புறம் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ். எல்லாம் அவசியம்தான். ஆனா அந்தச் சான்றிதழ்ல சொத்து மேல இருக்கிற வில்லங்கம்தான் வரும், தளத்துக்குள்ள இருக்கிற வில்லங்கம் வராது. பேங்க்லேருந்து ஒரு இன்ஜினீயர் வருவாரேன்னு கேட்பீங்க. தர்ற கடனுக்கு இந்தச் சொத்து தாங்குமான்னு பார்க்கிறதுதான் அவர் வேலை. உங்க ரிப்பேர் செலவை எண்ணிச் சொல்ல அவர் வரலை.

அதை எண்ண வேண்டிய ஆள் நீங்கதான். டார்ச் ஒண்ணு, கம்பு ஒண்ணு, ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு போதும். புது பெயின்ட் வாசனை அடிச்சா சந்தேகம் வரணும். அதுவும் ஒரே ஒரு ரூம்ல மட்டும் அடிச்சா டபுள் சந்தேகம்!

முதல்ல அண்ணாந்து பாருங்க. எண்பது, தொண்ணூறுகள்ல கட்டின காங்கிரீட் வீடுகள்ல பர்ஸைப் பதம் பார்க்கிறது மேல்தளம்தான். காங்கிரீட்டோட காரத்தன்மைதான் உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்காம காப்பாத்துது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தீர்த்துடும். அது கம்பி வரைக்கும் வந்து, ஈரமும் சேர்ந்தா துரு ஆரம்பம். துரு, தான் தின்ன இரும்பை விட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் கேட்கும். இடம் கிடைக்கலைன்னா காங்கிரீட்டையே பிளந்து கீழே தள்ளிடும்.

கம்பிக்குக் கீழே காங்கிரீட் எத்தனை கனம்ங்கிறது இதுல முக்கியம். 1978-ம் வருஷ ஐ.எஸ். 456 கோட், தளத்துக்கு சாதாரணமா 15 மில்லிமீட்டர் கேட்டுச்சு. 2000-ல திருத்தின கோட், கடற்காத்து நேரா படுற காங்கிரீட்டுக்கு 45 கேட்குது. கடலோரத்துல பழைய வீடு பார்க்கிறவங்க இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பாத்ரூம் மேல்தளம், வாட்டர் டேங்க்குக்கு நேர் கீழே, சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம்... இங்கெல்லாம் டார்ச் அடிங்க. பழுப்புக் கறை, சம இடைவெளியில நேர்நேரா விரிசல் தெரிஞ்சா கம்பி துருப்பிடிக்குதுன்னு அர்த்தம். கம்பால தட்டுங்க. 'டங்'னு கெட்டியா கேட்டா நல்லது. 'பொத்'துனு கேட்டா பூச்சோ, காங்கிரீட்டோ உள்ளே விட்டுப் போச்சு. இன்னும் சந்தேகமா? ஓனர்கிட்ட கேட்டுட்டு உதிர்ற இடத்துல லேசா உடைச்சு, அந்தப் புது முகத்துல பினாப்தலீன் ரெண்டு சொட்டு விடுங்க. கெமிஸ்ட்ரி லேப்ல டைட்ரேஷனுக்கு விட்டோமே, அதே ஐயிட்டம்தான். ரோஸ் கலர் வந்தா காரம் இருக்கு. நிறமே மாறலைன்னா போயாச்சு. கம்பி வரைக்கும் நிறம் வரலைன்னா சீரியஸ் கேஸ். ஒரு மூலையில மட்டும்னா ஒட்டு வேலையில முடியும். வீடு முழுக்கன்னா முட்டுக் கொடுத்து தளத்தையே இடிச்சுப் போடணும். அப்போ நீங்க வாங்குறது மனையும் நாலு சுவரும்தான்!

அதை விடப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா கதை வேற. தேக்குச் சட்டங்கள் மேல சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புல நிறுத்தி அடுக்கின தளம் அது. சட்டம் சுவருக்குள்ள போற நுனியை ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. சதக்குனு இறங்கினா கரையான் சாப்பிட்டாச்சு. இறங்கலைன்னா 'இதெல்லாம் இடிச்சுடலாம் சார்'னு சொல்ற புரோக்கர் பேச்சைக் காதுல வாங்காதீங்க.

சுவர்ல வலை மாதிரி மெல்லிசா ஓடுற விரிசல் பெரும்பாலும் பூச்சோட போகிறது, விட்டுத்தள்ளுங்க. ஜன்னல் மூலையிலேருந்து படிக்கட்டு மாதிரி இறங்கி, வெளிப்பக்கமும் அதே இடத்துல தெரிஞ்சா அஸ்திவாரம் அசைஞ்சிருக்கலாம். கரிசல் மண்ணுல மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கி அது ஆட்டிப் படைக்கும். மேஸ்திரி போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்க.

சென்னைன்னா இன்னொண்ணு. ரோடு மேல ரோடு போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகியிருக்கும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு எதிர்வீட்டு அக்காகிட்ட கேளுங்க. ஓனரை விட அவங்க கரெக்டா சொல்வாங்க.

வயரிங், பைப் ரெண்டும் மாத்தியே ஆகணும்னு கணக்கு எழுதிடுங்க, பார்க்கவே வேணாம்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் எஸ்டிமேட் வாங்குறது அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நடக்கணும். பத்திரச் செலவே தமிழ்நாட்ல முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அதுக்கும் மேல ரிப்பேருக்கு அப்பா வட்டிக்கு வாங்குற நிலைமை வரக்கூடாதுல்ல? எஸ்டிமேட்டைக் கையில வெச்சுக்கிட்டு விலை பேசினா ஓனர் இறங்கி வர வாய்ப்பிருக்கு. அட்வான்ஸ் கைமாறிடுச்சுன்னா அதே பேப்பரைப் பார்த்து, 'பழைய வீடுன்னா அப்படித்தான் தம்பி'ம்பார்.

'நாளைக்கே வேற பார்ட்டி டோக்கன் போடுறாங்க'ன்னு புரோக்கர் அவசரப்படுத்துவார். போடட்டும். நீங்க மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில இன்னொரு தடவை போய்ப் பாருங்க. 'வெயில் வரட்டுமே, நிதானமா பார்க்கலாம்'னு அவர் இழுத்தா, குடையை எடுத்துக்கிட்டு அன்னிக்கே கிளம்புங்க!